பால் படாத பப்ஸ்

என் மகளுக்குப் பால் ஆகாது. ஆகாது என்றால் வயிறு கலக்குவதோ மூக்கு ஒழுகுவதோ அல்ல. பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஆசையாக அவள் நாக்கில் பால்பாயசத்தைத் தொட்டு வைத்தார்கள். உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. கோயம்புத்தூரில் பார்த்த மருத்துவர் அன்று ஒரு தாளில் எழுதித் தந்ததை இன்றும் மனப்பாடமாகச் சொல்வேன். பால், தயிர், மோர், நெய், வெண்ணெய், பால்பொடி. இவை பட்ட கரண்டி. இவை பட்ட கை. கடைசி இரண்டுக்கும் அவர் அடிக்கோடு போட்டிருந்தார்.

அதன் பிறகு நான் கரண்டிகளையும் கைகளையும் பார்த்துக்கொண்டே வாழ்ந்தேன். நாங்கள் இருப்பது கேரளத்தில், மறையூருக்கு மேலே மலையில் இருக்கும் காந்தலூரில். கணவர் ஜீப் ஓட்டுகிறார். சுற்றுலா வருபவர்களைத் தோட்டங்களுக்கும் மலைக் காட்சிமுனைகளுக்கும் அழைத்துப் போவார். நான் பிறந்தது கிழக்குப் பாலக்காட்டில், சித்தூர்ப் பக்கம், தொழுவத்தில் எந்நேரமும் கறவை நிற்கும் வீட்டில். அம்மாவுக்கு இந்த நோய் கடைசிவரை பிடிபடவில்லை. போனில் ஒவ்வொரு முறையும் கேட்பார்.

“ஏங்கண்ணு, பாலுதான ஆகாது? உருக்குன நெய்யில என்ன சாமி இருக்குது? ஒரு சொட்டு உட்டுத்தான் பாரேன்.”

“வேண்டாங்கம்மா. ஒரு சொட்டு போதுங்கம்மா அவளுக்கு.”

“உங்களையெல்லாம் பால ஊத்தித்தான வளத்தேன். நீங்க செத்தா போயிட்டீங்க?”

சிரித்துக்கொண்டுதான் சொல்வார். நான் பார்க்காதபோது ஊட்டிவிடுவாரோ என்று இருக்கும். அதனாலேயே அம்மா வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குப் பால் கொடுப்பார்கள் என்பதால் மகளை அங்கேயும் விடவில்லை. அவளை எங்கும் விட முடியாததால் நானும் வேலைக்குப் போக முடியவில்லை. பி.காம் படித்தவள் வீட்டிலிருந்தே ஏதாவது செய்யலாமே என்று தேடியபோதுதான் கரன்சி வியாபாரம் கண்ணில் பட்டது.

அது எனக்கு முற்றிலும் அந்நியமான விஷயம் இல்லை. தம்பி வளைகுடாவில் இருக்கிறான். “இன்னைக்கு ரேட் என்ன, அனுப்பட்டுமா, ரெண்டு நாள் பொறுக்கட்டுமா?” என்று அவன் கேட்க, அதற்குப் பதில் சொல்லியே எனக்கு அந்த ஏற்ற இறக்கம் பழகியிருந்தது. ஒரு இணைய வகுப்பில் சேர்ந்தேன். ஆறு மாதம் உண்மைப் பணம் போடாமல், ஒரு நோட்டில் வாங்கியதாகவும் விற்றதாகவும் எழுதி மட்டும் பார்த்தேன். பிறகு ஒரு லாட், அதாவது ஆயிரம் டாலருக்கான ஒப்பந்தம். அதற்குக் கட்ட வேண்டிய முன்பணம் சில ஆயிரம் ரூபாய்தான். ரூபாய்க்கு எதிராக டாலர் பத்துப் பைசா ஏறினால் எனக்கு நூறு ரூபாய். பத்துப் பைசா இறங்கினால் நூறு போச்சு. ஒன்றுக்கு மேல் நான் வாங்கியதே இல்லை. இப்போது விதிகள் இறுகி, வெளிநாட்டுப் பணத்தில் உண்மையான வரவோ செலவோ இல்லாத என்னைப் போன்றவர்கள் அந்தப் பக்கம் போக முடிவதில்லை. அன்று முடிந்தது.

வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுத்தது ‘ஸ்டாப் லாஸ்’. விலை எவ்வளவு எதிராகப் போனால் தானாக விற்றுவிட்டு வெளியே வர வேண்டும் என்று முன்கூட்டியே குறித்துவைப்பது. அதைக் குறித்துவிட்டால் நிம்மதியாக வேறு வேலை பார்க்கலாம் என்றார்கள். நான் குறிப்பேன். அது மிக அருகில் இருப்பதாகத் தோன்றும், கொஞ்சம் தள்ளிவைப்பேன். தள்ளியது தப்பென்று தோன்றும், திரும்பக் கொண்டுவருவேன். ஒரே நாளில் ஆறு முறை நகர்த்தியிருக்கிறேன். கேஸை மூடினேனா என்று மூன்று முறை பார்க்கிற அதே ஆள்தானே நான்.

அப்படியும் எட்டு மாதத்தில் ஒரு சின்ன மின்சார ஓவன் வாங்குமளவுக்கு மிஞ்சியது. கணவர் ஜீப் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவிட்டார். “எங்க வீட்டுல டாலர வித்து அடுப்பு வாங்கியாச்சு” என்று.

ஓவன் மகளுக்காக. மறையூர் பேக்கரியின் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அவள் நின்றுவிடுவாள். உள்ளே பப்ஸ் அடுக்கியிருக்கும். அதில் பால் இல்லாவிட்டாலும், பக்கத்தில் கேக் சுட்ட தட்டில்தானே சுட்டிருப்பார்கள்? வேண்டாம் என்று இழுத்து வருவேன். மூன்றரை வயதில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தானாகவே என்னோடு நடந்து வந்தாள். அழுதிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

பால் இல்லாத பலகாரம் தேடியபோதுதான் ‘வீகன்’ என்ற சொல் அறிமுகமானது. மாட்டை நினைத்து, மனசாட்சிக்காகப் பாலை விட்டவர்கள் அவர்கள். எனக்கு மனசாட்சியெல்லாம் இல்லை, பயம் மட்டும்தான். ஆனாலும் அவர்களுடைய சமையல் குறிப்புகளை நன்றியோடு படித்தேன். அவற்றில் ஒன்று ஒரு பெரிய பப்ஸ். மாலையில் கடிக்கிற தின்பண்டம் இல்லை. காய்கறியும் காளானும் அடைத்து, முழுசாகச் சுட்டு, துண்டு போட்டு, சோற்றுக்குப் பதிலாக மதியத்துக்கு வைப்பது. வீட்டில் எல்லோரும் அதையே சாப்பிட்டால் மகளுக்கென்று தனித் தட்டு, தனிப் பாத்திரம் என்பது ஒரு வேளைக்காவது இருக்காது. அந்த எண்ணமே எனக்குத் தித்தித்தது.

ஓவன் ஒரு வியாழன் மாலை வந்தது. அன்றே என் நாத்தனாரும் வந்தாள். கணவருக்குத் தங்கை, மூணாறு பக்கம் தேயிலை ஃபேக்டரியில் வேலை, இரண்டு நாள் லீவு. வாய் ஓயாது. மகளுக்கு அவள் என்றால் உயிர். பால் டீ இல்லாமல் அவளால் முடியாது என்பதால், அவள் வரும்போது மட்டும் ஒரு பாக்கெட் பால் வாங்குவோம். அதற்குத் தனிச் சட்டி, தனி டம்ளர். டீ குடித்தால் வாய் கொப்பளித்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்குவாள். அதில் அவள் ஒரு நாளும் தவறியதில்லை. இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையிலேயே மாவைப் பிசைந்துவிட்டேன். காந்தலூர்க் குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்து நெய் மாதிரி வெள்ளையாக நிற்கும். வெண்ணெய்க்குப் பதில் அதுதான். மைதாவைத் தேய்த்து விரித்து, உறைந்த எண்ணெயைப் பூசி, மூன்றாக மடித்து, ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். எடுத்து மறுபடி தேய்த்து, மறுபடி மடித்து, மறுபடி உள்ளே. அவசரப்பட்டால் எண்ணெய் உருகி மாவோடு கலந்துவிடும், அடுக்கு வராது. இரண்டு மடிப்பு முடிந்திருந்தது.

அன்று பத்து மணிக்கு ரிசர்வ் வங்கியின் வட்டி விகித அறிவிப்பு இருந்தது. அந்த மாதிரி நாள்களில் புதியவர்கள் எதையும் கையில் வைத்திருக்கக் கூடாது என்று வகுப்பில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். முந்தின நாள் வாங்கிய ஒரு லாட் என்னிடம் இருந்தது. ஒன்பது மணிக்குச் சந்தை திறந்ததும் விற்றுவிட நினைத்தேன். விற்றபின் ஏறினால்? ஒன்பதரைக்கு நினைத்தேன். இறங்கியபின் விற்றால் முட்டாள்தனமில்லையா? இப்படியே பத்தாகிவிட்டது. உள்ளறையில் கட்டிலின் நுனியில் போனோடு உட்கார்ந்திருந்தேன். எண்கள் துள்ளின. ஸ்டாப் லாஸைக் கீழே தள்ளினேன்.

அடுக்களையிலிருந்து நாத்தனார் கேட்டாள். “மதினி, புது அடுப்புல்ல? மொத மொதப் பால் காச்சிரவா?”

“ம்” என்றேன்.

அவள் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது. எதையும் தப்பாகக் கேட்கவில்லை. பால் என்று யார் சொன்னாலும் தூக்கத்திலும் எழுந்து உட்காருகிறவள் நான். அந்த நொடியில் அந்தச் சொல் என்னைத் தொடாமலே போய்விட்டது. எண் மேலே போய்க்கொண்டிருந்தது.

பத்தேமுக்காலுக்கு நான் அடுக்களைக்கு வந்தபோது சாம்பிராணி வாசனை. ஓவன் நெற்றியில் மூன்று சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். “சாமி மாதிரி இருக்காரா?” என்றாள் நாத்தனார். மகள் அதைப் பார்த்துக் கைகூப்பினாள். நானும் சிரித்தேன். ஓவனோடு வந்த தட்டைத் துடைத்து மேடையில் சாய்த்துவைத்திருந்தாள்.

வழக்கமாக எந்தப் பாத்திரத்தையும் இரண்டு முறை கழுவாமல் மகளுக்காக அடுப்பில் ஏற்றமாட்டேன். அந்தத் தட்டைக் கழுவவில்லை. அந்த வீட்டில் பால் பட்ட சரித்திரமே இல்லாத ஒரே சாமான் அதுதான் என்று நம்பினேன். புதுசு. பெட்டியிலிருந்து எடுத்தது.

கடைசி மடிப்பு முடித்து விரித்தேன். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, காளான், எங்கள் ஊர்ப் பூண்டு, மிளகு. அடைத்து, மூடி, ஓரத்தைக் கரண்டியால் அழுத்தி, மேலே தேங்காய்ப்பாலில் துளி மறையூர் வெல்லம் கரைத்துப் பூசினேன். முட்டை பூசினால் வருகிற நிறம் அதில் வரும். தட்டில் தேங்காய் எண்ணெய் தடவி அதன்மேல் நேராக வைத்துவிட்டேன்.

சுடும்போது பால் தீய்ந்த மாதிரி ஒரு வாடை வந்தது. நின்று முகர்ந்தேன். தேங்காய்ப்பால்தான் வழிந்திருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். எப்போதும் எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவள், அன்று சந்தேகப்பட்டதற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

கணவர் சாப்பிட வந்தார். பப்ஸ் தட்டு நிறையப் பொன்னிறமாக உப்பியிருந்தது. கத்தி வைத்ததும் அடுக்கடுக்காக நொறுங்கியது. முதல் துண்டு, ஓரத்துத் துண்டு, மகளுக்கு. இரண்டு கையாலும் பிடித்துக் கடித்தாள்.

“டாலர் ருசியா இருக்கா, தங்கம்?” என்றார் அவர்.

“நல்லா வராம இருக்குமா?” என்றாள் நாத்தனார். “பால் எப்படிப் பொங்குச்சுங்கற! கெழக்க பாத்துல்ல பொங்கி வழிஞ்சுச்சு. ராசியான அடுப்பு மதினி.”

“எதுல பொங்குச்சு?”

“இதுலதான். டம்ளர் முட்ட ஊத்தித் தட்டு மேல வச்சேன். வழிஞ்சதத் தொடச்சுட்டேனே.”

நான் மகளின் கையிலிருந்ததைத் தட்டிவிட்டேன். வாயில் விரலை விட்டுத் துழாவினேன். இரண்டு கடி விழுங்கியிருந்தாள். என் வேகத்தைப் பார்த்துப் பயந்து அழுதாள். அழுகிறாளே, மூச்சு வருகிறது என்று நினைத்தேன். பிறகு அவள் கீழுதட்டில் ஒரு பக்கம் மட்டும் தடித்து வருவதைப் பார்த்தேன்.

மருந்துப் பை எப்போதும் கதவுக்குப் பின்னால் தொங்கும். மருத்துவர் எழுதித் தந்த சிரப்பைக் கொடுத்தேன். பாதி வெளியே வந்தது. கணவர் அதற்குள் ஜீப்பைத் திருப்பி நிறுத்தியிருந்தார். சிரப் போதாது, ஊசிதான் வேண்டும், நேரம் கடத்தக் கூடாது என்று அந்தத் தாளில் எழுதியிருந்தது. ஊசிக்கு மலையிறங்க வேண்டும்.

அந்த வழியில் நூறு முறை போயிருக்கிறேன். எத்தனை வளைவு என்று அன்றைக்கு முன் எனக்குத் தெரியாது. கழுத்திலும் வயிற்றிலும் சிவப்புத் தடிப்பு பரவியது. இருமினாள். இருமலுக்கும் இருமலுக்கும் நடுவே ஒரு சின்ன விசில் சத்தம். அவள் நெஞ்சில் கை வைத்து, எழுகிறதா எழுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். முன்னால் கரும்பு ஏற்றிய வண்டி ஒன்று வழி விடாமல் போனது. கணவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பின்னால் நாத்தனார் அழுதுகொண்டே ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

“நான் பாப்பாவுக்குக் குடுக்கலையே. அடுப்புக்குத்தான குடுத்தேன். அடுப்புக்குத்தான குடுத்தேன்.”

“வாய மூடுடி” என்றார் அவர். அவர் தங்கையை அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

என் மடியில் மகள், “அம்மா, தொண்டைல முள்ளு” என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் யாரும் எதையும் எங்களிடம் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. தாளைப் பார்த்தார்கள், குழந்தையைப் பார்த்தார்கள், தொடையில் ஊசி போட்டார்கள், மூக்குக்கும் வாய்க்கும் மேல் ஆக்ஸிஜன் மூடியை வைத்தார்கள். “பேடிக்கண்டா மோளே, பயப்படாத” என்று நர்ஸ் சொன்னது மகளிடமா என்னிடமா என்று தெரியவில்லை. சில நிமிடங்களில் அந்த விசில் சத்தம் தேய்ந்தது. அவள் கண்ணைத் திறந்து, மூடியைப் பிடித்து இழுத்து, கோபமாக அழுதாள். அந்த அழுகையை நான் நின்றபடியே கேட்டேன். உட்காரத் தோன்றவில்லை. தடிப்பு அடங்கினாலும் மறுபடி வரலாம், இரவு வரை இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர்.

வராந்தாவில் கணவர் தங்கையிடம் பேசிக்கொண்டிருந்தார். குரலை உயர்த்தவில்லை.

“படிச்சுப் படிச்சுச் சொன்னோம்ல? பால்னா விஷம்னு சொன்னோம்ல?”

“நான் மதினிகிட்ட...” என்று தொடங்கியவள் என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். பிறகு, “எம்மேலதாண்ணே தப்பு” என்றாள்.

அவள் அத்தோடு விட்டுவிட்டாள். நானும் விட்டிருக்கலாம். ஒரு நிமிடம், அல்லது அதற்கும் மேல், விட்டுத்தான் இருந்தேன். உள்ளே குழந்தை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது; வெளியே பழி ஒரு இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது; எல்லாம் முடிந்துவிடும் போலிருந்தது. நான் சொன்னால் இனி இந்த மனிதர் குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு எப்படி ஜீப் எடுத்துப் போவார் என்றுதான் பயந்தேன். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நாத்தனாரின் முகத்தில் பார்த்தேன். தான் கேட்டோமா என்பதே அவளுக்கு இப்போது சந்தேகமாகிவிட்டிருந்தது. அந்தச் சந்தேகம் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று.

“அவ கேட்டாளுங்க” என்றேன். “பால் காச்சட்டுமான்னு என்னைத்தான் கேட்டா. நான் ம்-னு சொன்னனுங்க.”

“நீயா?”

“போனைப் பாத்துட்டு இருந்தனுங்க. டாலரு ஏறிட்டு இருந்துச்சு.”

 அவர் வெளியே போனார். திரும்பி வந்தபோது பால் இல்லாத கட்டன் சாயா மூன்று கொண்டுவந்திருந்தார். முதல் கிளாஸைத் தங்கையிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. “குடிடீ” என்றார். “கை வெறச்சுப் போய் உக்காந்துருக்க.” என்னுடையதை என் பக்கத்தில் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு உள்ளே மகளிடம் போய்விட்டார். என்னிடம் பேச அவருக்கு அன்று மாலை வரை ஆயிற்று. பேசியதும் இவ்வளவுதான்: “தங்கச்சி அடுப்படில இருந்தா நீயும் அடுப்படில இரு.”

நான்கரை மணிக்குப் போன் நினைவுக்கு வந்தது. திறந்தேன். லாட் அப்படியே இருந்தது. நாற்பது பைசா ஏறியிருந்தது. நானூறு ரூபாய் லாபம். நான் பார்க்காமலே, நகர்த்தாமலே ஏறியிருந்தது. நஷ்டமாக இருந்தால் அழுது தீர்த்திருக்கலாம். விற்றுவிட்டு அந்த வியாபார ஆப்பைப் போனிலிருந்து நீக்கினேன். அதை ஒரு சபதமாகச் செய்யவில்லை. அந்தத் திரையைப் பார்த்தபோது மகளின் இருமல் கேட்டது, அவ்வளவுதான்.

நாத்தனார் லீவு முடிந்து போனவள் இரண்டு மாதம் வரவில்லை. வீடியோவில் மகள் கூப்பிடுவாள், “வாரேன் தங்கம்” என்பாள், வரமாட்டாள். கடைசியில் நானே கூப்பிட்டேன்.

“மறுபடி பப்ஸ் சுடப்போறேன். நீ வரணும்.”

“வேணாம் மதினி. நான் தொட்டா வெளங்காது.”

“நீ தொடாட்டி எனக்குப் பயமா இருக்குது. நானொருத்தியே எல்லாத்தையும் பாக்கோணும்னா எதையாச்சும் உட்டுருவேன்.”

வந்தாள். அடுக்களை வாசலிலேயே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். புதிதாக வாங்கிய தட்டை அவளிடம் நீட்டினேன். “இதைக் கழுவு. நீ கழுவுனதுக்கப்பறம் நான் கழுவறேன்.” வெந்நீரில் இரண்டு பேரும் கழுவினோம். அவள் ஒருமுறை, நான் ஒருமுறை, பிறகு ஏனோ அவள் இன்னொரு முறை. பழைய தட்டைக் கணவர் ஏற்கெனவே எங்கோ தூக்கிப் போட்டிருந்தார்.

பப்ஸ் முன்பு போல உப்பவில்லை. ஒரு பக்கம் எண்ணெய் கசிந்து அடுக்கு அமுங்கியிருந்தது. மகளை நடுவில் உட்காரவைத்து ஒரு துண்டு கொடுத்தோம். மருந்துப் பை என் மடியில். வாசலில் ஜீப்பைச் சாலையைப் பார்த்துத் திருப்பி நிறுத்திவிட்டு வந்து கணவரும் உட்கார்ந்தார். அவர் துண்டை அவர் தொடவில்லை.

அவள் கடித்தாள், மென்றாள், விழுங்கினாள். நாங்கள் மூவரும் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“அத்தை, உனக்குப் பசிக்கலையா?” என்றாள் மகள்.

“நீ சாப்புடு தங்கம்” என்ற நாத்தனார், பயத்தில் என் முழங்கையை வலிக்கும்படி பிடித்திருந்தாள். நான் விடுவித்துக்கொள்ளவில்லை. சுவரில் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. இன்னும் அரை மணி நேரம் பார்க்க வேண்டும்.